மோட்டார் வண்டியின் முன் கண்ணாடி

மோட்டார் வண்டியின் தொடக்க நாட்களில் அதன் முன்புறத்திற் சாதாரணச் சன்னற் கண்ணாடியே நின்றது. புழுதியைத் தடுத்த அதுவே விபத்தின்போது கத்தியாகி முகங்களைக் கிழித்தது. 1903இல் பிரெஞ்சு இரசாயன அறிஞர் எடுவார் பெனடிக்டசின் ஆய்வுகூடத்திற் கீழே விழுந்த குடுவையொன்று விரிசல் கண்டதேயன்றிச் சிதறவில்லை. உள்ளே உலர்ந்திருந்த செலுலோசு நைத்திரேற்றுப் படலம் துண்டுகளைப் பற்றி நின்றது. 1909இல் அவர் இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே செலுலோயிட்டு வைத்து ஒட்டும் முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார்.

கண்ணாடி உறுதியானால் மட்டும் போதுமா? அது தன்னிடத்தில் நிலைத்து நிற்கவும் வேண்டும். 1956இல் ஒற்றை வளைகண்ணாடி பெற்ற மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளில், இறப்பர்ப் பட்டியைக் கண்ணாடியின் விளிம்பில் மாட்டி, அதன் பள்ளத்திற் கயிறு செலுத்துவர். ஒருவர் வெளியே அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை இழுக்க, இறப்பரின் இதழ் உலோக விளிம்பின்மேல் ஏறி அமரும். இடுக்குகளை அடைப்புப் பசை மூடும். இறப்பர் வெடித்தால் மழைநீர் புகும், விளிம்பு துருவேறும், துருவேறிய விளிம்பு கண்ணாடியைத் தாங்காது.