கரிசல் காட்டு ஈ பிறந்த கதை

விளாத்திகுளம் பக்கம் மார்கழிப் பனி இறங்கினால் பாசிப்பயறு, தட்டைப்பயறு, பருத்தி என்று எல்லாக் கொழுந்திலும் அசுவினி அப்பிக்கொள்ளும். “பேன் விழுந்துட்டு” என்பார்கள் சம்சாரிகள். அந்தக் கூட்டத்துக்கு மேலே, காற்றில் ஆணியடித்து மாட்டியதுபோல் ஒரு சின்ன ஈ அசையாமல் நிற்கும். வயிற்றில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டைகள். குளவி என்று நினைத்துக் கையை இழுத்துக்கொள்வோம். அதற்குக் கொடுக்கே கிடையாது.

சிர்பிட் ஈ என்பார்கள் வேளாண் அலுவலர்கள். அந்தக் குடும்பத்தில் நம் காடுகளில் சாதாரணமாகக் காணக்கூடிய ஓர் இனத்தின் அறிவியல் பெயர் இஸ்கியோடான் ஸ்குடெல்லாரிஸ். அந்தப் பெயருக்கு மூலம் சோழமண்டலக் கரைதான்.

  அந்தக் கரையில் உள்ள தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர்கள் இருந்தார்கள். இயற்கை அறிஞர் லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் அங்கே மருத்துவராக வந்து சேர்ந்தார். பிறகு வந்த டால்டார்ஃப் படை அதிகாரி.  இவர்கள் திரட்டிய பூச்சிகள் கப்பலேறி, லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபப்ரீசியஸின் மேசைக்குப் போயின. 1805இல் ஈ, கொசு இனங்களைப் பற்றி அவர் எழுதிய நூலில், தரங்கம்பாடியிலிருந்து வந்தது என்ற குறிப்போடு இந்த ஈக்குப் பெயர் வைத்தார். இஸ்கியோடான் என்ற பேரினத்தைச் சாக் என்பவர் 1913இல் அமைத்தார். ஆண் ஈயின் பின்னங்கால் தொடங்கும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்தான் அதற்கு அடையாளம்.

ஊசி குத்திய ஈயில் இவ்வளவுதான் தெரியும். அது நிஜமாகப் பிறக்கும் இடம் அசுவினிக் கூட்டம். தாய் ஈ அங்கே ஒவ்வொன்றாக வெள்ளை முட்டை வைக்கும். இரண்டு மூன்று நாளில் புழு வரும். காலும் இல்லை, கண்ணும் இல்லை. தலைப்பக்கத்தை இடமும் வலமும் வீசித் துழாவும். அசுவினி தட்டுப்பட்டதும் வாய்க்கொக்கியால் குத்தி, இலையிலிருந்து அப்படியே மேலே தூக்கிப் பிடித்து உறிஞ்சும். வெறும் தோலைப் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடும். கூட்டுப்புழு ஆவதற்குள் நூற்றுக்கணக்கில் தீர்த்துவிடும். ஈயாகி வெளியே வந்தபின் வேட்டையே கிடையாது. தேனும் மகரந்தமும்தான் ஆகாரம். பெண் ஈக்கு முட்டை முதிர மகரந்தம் கட்டாயம் வேண்டும். பக்கத்தில் கொத்தமல்லி பூத்திருந்தால் அதற்குப் பஞ்சமில்லை.

பேனைக் கண்டதும் மருந்தடிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புழுவும் கூடவே சாகிறது. ஆண் துணை இல்லாமலே குட்டி போடும் அசுவினி சில நாளில் மறுபடி கூட்டம் சேர்த்துவிடும். ஈயோ முட்டை, புழு, கூடு என்று எல்லாம் கடந்து வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த இடைவெளியில் செடிக்குக் காவல் இல்லை. தெளிப்பானைத் தோளில் மாட்டுமுன் நாலு கொழுந்தைத் திருப்பிப் பார்த்தால் போதும். பேனுக்கு நடுவே காலில்லாத புழு நெளிந்தால், மருந்தை ஒரு வாரம் தள்ளிப்போடலாம்.