திறந்த மென்பொருளும் திறவாத தடமும்

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர். தொலைபேசிக் குறியீடுகளோ 0877, 08572 என இரண்டு. இந்திய இணையத் தொலைபேசியின் வரலாறு இவ்விரு எண்களுக்கு இடையில் நெடுங்காலம் தேங்கி நின்றது.

1999இல் அமெரிக்கரான மார்க் ஸ்பென்சர், தம் சிறு நிறுவனத்திற்குத் தொலைபேசி இணைப்பகம் வாங்கப் பொருளின்றி, ‘ஆஸ்டெரிஸ்க்’ என்னும் திறமூல மென்பொருளை எழுதினார். சாதாரணக் கணினியே இணைப்பகமாயிற்று.

இந்தியாவில் இணையத் தொலைபேசி 2002 ஏப்ரல் 1 அன்று அனுமதிக்கப்பட்டது. ஆயினும், உள்நாட்டுப் பொதுத் தொலைபேசி வலையோடு அதனை இணைக்கத் தடை நீடித்தது. இவ்விரு ஊர்களிலும் வளாகங்கள் உடைய ஒரு கல்வி நிறுவனம் ஆஸ்டெரிஸ்க்கை நிறுவினால், வளாகங்கள் தமக்குள் இணையவழி பேசிக்கொள்ளலாம். திருப்பதியிலிருந்து வரும் குரலைச் சித்தூரின் உள்ளூர்த் தொலைபேசியில் சேர்ப்பது அன்று எஸ்டிடி கட்டண ஏய்ப்பாகக் கருதப்பட்டது. சித்தூரின் வெளி இணைப்பு அறுந்தாலும் திருப்பதி வழியாக வெளியே அழைக்க அன்று அனுமதி இருக்கவில்லை. மாற்றுவழியற்ற அமைப்பு எவ்வாறு நம்பகமாகும்?

2018இல்தான் உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்கள் இணையவழி அழைப்புச் சேவை வழங்குவதற்கான விதி தெளிவாயிற்று. அவ்வாண்டே பிஎஸ்என்எல் ‘விங்ஸ்’ சேவையை அறிமுகப்படுத்தியது.

மூலநிரல் கைக்கு எட்டிய ஆண்டுக்கும் தடம் திறந்த ஆண்டுக்கும் இடையே 19 ஆண்டுகள். தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் கண்டுபிடிப்பின் ஆண்டோடு நின்றுவிடாமல், உரிமத்தின் ஆண்டையும் குறித்தல் வேண்டும்.