குமாவுன் மலையின் காட்டுணவு

டில்லியில் வாழும் தமிழர் பலர் கோடை விடுமுறைக்கு நைனிதாலுக்கோ அல்மோராவுக்கோ செல்வதுண்டு. மே மாதத்தில் அவ்வழியே சென்ற நேயர்கள், சாலையோரத்தில் கூடைகளில் வைத்து விற்கப்படும் ஒரு சிறு செந்நிறப் பழத்தைக் கண்டிருப்பார்கள். காஃபல் என்பது அதன் பெயர். புளிப்பும் இனிப்பும் கலந்த அதனை உப்புத் தூவித் தின்பது அப்பிரதேசத்து வழக்கம். காட்டு மரத்தில் தானே பழுப்பது. பறித்த இரண்டு மூன்று நாட்களில் கெட்டுவிடுவதால் சமவெளிச் சந்தைகளுக்கு வருவது அரிது.

இப்பழத்தைப் பற்றி மலை மக்கள் தம் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஏழைத் தாய் ஒருத்தி கூடை நிறையக் காஃபல் பறித்து வந்து, மகளைக் காவல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பியபோது கூடை குறைந்திருந்தது. மகளே தின்றுவிட்டாள் என்று சினந்து அடித்தாள், பெண் இறந்தாள். மாலையில் மழை பெய்ததும், வெயிலில் சுருங்கியிருந்த பழங்கள் பருத்துக் கூடை மீண்டும் நிறைந்தது. அதைக் கண்ட தாயும் உயிர் விட்டாள். பழம் பழுக்கும் பருவத்தில் காட்டில் கூவும் குயிலினப் பறவையின் குரலில் அம்மக்கள் இக்கதையையே கேட்கிறார்கள். பறித்த பழம் வெயிலில் என்னவாகும் என்பதை இதனினும் ஆழமாகக் குழந்தை மனத்தில் பதியவைக்க இயலுமா என்பது நமக்கு ஐயமே.

ஏனைய அறிவெல்லாம் கூட நடந்து கற்பது. மழைக்காலத்தில் ஓடைக்கரைகளில் லிங்குடா என்னும் பெரணியின் சுருண்ட இளந்தளிரைக் கொய்வார்கள். சுருள் விரிந்துவிட்டால் கறிக்கு ஆகாது. சிசூண் என்பது தொட்டால் தேள் கொட்டியதுபோல் எரியும் செடி. குளிர்காலத்தில் அதன் கொழுந்தை இடுக்கியால் பறித்து வேகவைப்பார்கள். வெந்தபின் எரிச்சல் இராது. எந்தக் கொழுந்து, எந்த வாரம், எந்தச் சரிவு என்பதைத் தாயும் மாமியாருமே இளம் பெண்களுக்குக் காட்டிவந்தனர்.

அரசாங்கக் கோப்புகளில் இவற்றிற்குச் ‘சிறு வனப்பொருள்’ என்று பெயர். மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள நமக்கு அந்தச் ‘சிறு’ என்னும் அடைமொழி எப்போதும் இடறும். ரயில் பாதைக் கட்டைகளும் பைன் மரப் பிசினுமே ஆங்கில சர்க்காருக்குப் பெரும் பொருள்கள். 1893-இல் அளக்கப்படாத நிலம் முழுவதும் சர்க்காரின் பாதுகாப்புக் காடாக்கப்பட்டது. 1911 முதல் 1917 வரை பரந்த பகுதிகள் ஒதுக்குக் காடுகளாயின. மேய்ச்சலுக்கும் தழை வெட்டுவதற்கும் தடைகள் வந்தன. தலைமுறைகளாக நடந்த பாதையில் நடப்பதே குற்றமாகிவிடக்கூடிய நிலை.

1921-ஆம் ஆண்டு, நம் பொங்கல் திருநாளையொட்டி வரும் உத்தராயணித் திருவிழாவில், பாகேஷ்வரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். பத்ரி தத் பாண்டே முதலியோர் தலைமையில், அதிகாரிகளுக்குக் கூலியின்றிச் சுமை தூக்கமாட்டோம் என்று உறுதி பூண்டு, வெட்டிவேலைப் பதிவேடுகளைச் சரயு நதியில் எறிந்தனர். அவ்வாண்டுக் கோடையில் காடுகள் எரிந்தன. தீ வைக்கப்பட்டவை பெரும்பாலும் சர்க்காருக்கு வருவாய் தந்த பைன் காடுகளே என்றும், ஓக் முதலிய அகன்ற இலை மரக் காடுகளுக்கு ஊறு நேர்ந்ததற்குச் சான்றில்லை என்றும் வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குஹா எழுதுகிறார். காஃபலும் அத்தகைய ஓக் மரங்களினூடே வளர்வதுதான்! குறைகேட்கும் குழு ஒன்றை அரசு அமைத்தது. 1931-இல் கிராமத்தாரே காட்டைப் பேணும் வனப் பஞ்சாயத்துகளுக்கு விதிகள் பிறந்தன. சேகரிக்கும் உரிமையைத் தேச அளவில் சட்டம் ஏற்றது 2006-இல்.

உரிமை வந்துவிட்டது; உடன் நடப்போர் குறைந்துவருகின்றனர். 2001-க்கும் 2011-க்கும் இடையே அல்மோரா, பௌரி கட்வால் ஆகிய இரு ஜில்லாக்களிலும் ஜனத்தொகையே குறைந்தது. முதலில் ஆடவர் பிழைப்புக்குச் சமவெளி இறங்கினர். பின்னர் பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பங்களும் இறங்கின. ஊர் விட்டு வந்த நமக்கு இது புரியாததன்று. காஃபல் பழுப்பது பள்ளி விடுமுறைக் காலம். ஆகவே பாட்டியுடன் மரத்தடிக்குச் செல்லும் பேரக்குழந்தைகளை இன்றும் காணலாம். லிங்குடா தளிர்ப்பதோ பள்ளி திறந்த பின்பு. சிசூண் கொழுந்தைப் பறிக்கும் இடுக்கி அடுப்பங்கரையில் தொங்குகிறது. குளிர்காலத்தில் பாட்டி மட்டுமே அதை எடுக்கிறாள்.