கொட்டகைத் தின்பண்டம்

1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டத் தொடங்கியபோது, தின்பண்டத்துக்குத் தடை விதிக்க யாரும் நினைக்கவில்லை. பின்னால் வந்த டூரிங் கொட்டகைகளிலும் அப்படித்தான். ஒரே புரொஜக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. மணல் தரையில் குடும்பத்தோடு உட்கார்ந்தவர்கள் மடியில் கட்டிவந்த வறுகடலையை அவிழ்ப்பார்கள். தட்டு ஏந்திய பையன்கள் முறுக்கும் சோடாவும் கூவி விற்பார்கள். கடலைத்தோல் மணலோடு போகும். கூட்டிப் பெருக்க வேண்டிய கவலை குறைவு.

நிரந்தரத் தியேட்டர்களில் கேண்டீனும் சைக்கிள் ஸ்டாண்டும் குத்தகைக்குப் போயின. குத்தகைப் பணம் கொடுத்தவர் வெளிப்பண்டத்தை விரும்புவாரா? ஆனாலும் கைப்பையைத் திறந்து பார்க்கும் வழக்கம் வேரூன்றியது மல்டிபிளெக்ஸ் காலத்தில்தான். மெத்தை இருக்கை, குளிர்சாதனம், துப்புரவு என்று காரணங்கள் அடுக்கப்பட்டாலும், டிக்கெட்டைவிடப் பாப்கார்னில் லாபவிகிதம் அதிகம் என்பதே முதன்மைக் காரணம்.

வெளிப்பண்டத் தடை நீதிமன்றம் ஏறியது. ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம் 2018-இல் தடையை நீக்கச் சொன்னது. 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, தியேட்டர் தனியார் சொத்து, விதி வகுக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு என்றது. ஜிலேபி தின்ற கையை இருக்கையில் துடைத்தால் என்ன ஆவது என்றும் விசாரணையில் கேட்கப்பட்டது. ஆனால் தியேட்டர் இலவசக் குடிநீர் தர வேண்டும்; குழந்தைக்கான உணவுக்கு மட்டும் விலக்கு உண்டு.