லித்தியம் உலோக மின்கலங்களில் கொள்ளளவு தக்கவைப்பு

கொள்ளளவு தக்கவைப்பு என்பது, ஒரு மின்கலம் பலமுறை மின்னேற்றி மின்னிறக்கிய பின்னரும் தன் தொடக்கக் கொள்ளளவில் எவ்வளவு பங்கை இழக்காமல் வைத்துள்ளது என்பதைக் காட்டும் அளவாகும். இது விழுக்காட்டில் தரப்படும். ஊர்திகளுக்கான மின்கலங்களில் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் ஆயுள் முடிந்ததாகக் கொள்வது வழக்கம். திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒரே மின்னேற்றத்தில் பத்துமுறை சுற்றவல்ல ஓர் ஊர்தி, அந்நிலையில் ஏறத்தாழ எட்டுமுறையே சுற்றும். லித்தியம் உலோகத்தை எதிர்மின்முனையாகக் கொண்ட மீள்மின்னேற்று மின்கலங்களில் இவ்விழப்பு மிக விரைவாக நேர்கிறது.

பின்னணி

லித்தியம் உலோகம் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 3860 மில்லிஆம்பியர்-மணி மின்னூட்டத்தைத் தரவல்லது. கைப்பேசிகளில் உள்ள லித்தியம் அயனி மின்கலங்களின் கிராபைட்டுக்கு இவ்வளவு 372 மட்டுமே. இதனால் லித்தியம் உலோகமே முதலில் முயலப்பட்டது. 1970களில் எக்சான் நிறுவனத்தில் இசுட்டான்லி விட்டிங்காம், டைட்டானியம் டைசல்பைடுடன் லித்தியத்தை இணைத்து மீள்மின்னேற்று மின்கலத்தை உருவாக்கினார். பின்னர் கனடாவின் மோலி எனர்சி நிறுவனம் மாலிப்டினம் டைசல்பைடு கொண்ட மின்கலங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சப்பானில் அவற்றைக் கொண்ட தொலைபேசிகள் தீப்பற்றியதால் 1989இல் அவை திரும்பப் பெறப்பட்டன. 1991இல் சோனி நிறுவனம் உலோகத்தைத் தவிர்த்து, கரிமத்தில் லித்தியம் அயனிகளைத் தேக்கும் மின்கலத்தை வெளியிட்டது. உலோக மின்கலம் ஆய்வகத்துக்குத் திரும்பியது.

இழப்பு நிகழும் விதம்

மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் எதிர்மின்முனையை அடைந்து உலோகமாகப் படிகின்றன. மின்னிறக்கும்போது அவ்வுலோகம் மீண்டும் அயனிகளாகக் கரைகிறது. இப்படிவு சீரான தகடாக அமையாமல் பாசியைப் போலவும் ஊசிகளைப் போலவும் வளர்கிறது. ஊசி வளர்ந்து பிரிதகட்டைத் துளைத்தால் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீ மூளக்கூடும்.

தீயைவிட அமைதியாக நிகழும் கேடும் உண்டு. லித்தியம் மிகு வினைத்திறன் உடையதாகையால், மின்பகுளி நீர்மத்தைத் தொட்டவுடன் வினைபுரிந்து மெல்லிய படலமொன்றை உண்டாக்குகிறது. அடியிலுள்ள உலோகத்தைக் காப்பதும் இப்படலமே. ஆனால் உலோகம் பருத்தும் சுருங்கியும் வரும்போது படலம் விரிசலுற்று, புதிய உலோகம் வெளிப்பட்டு, மீண்டும் வினை நிகழ்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சிறிது லித்தியமும் சிறிது மின்பகுளியும் செலவாகின்றன. கரையும்போது அடியில் அறுந்துபோகும் ஊசிகள் மின்தொடர்பை இழந்து, உலோகமாகவே பயனற்றுக் கிடக்கின்றன. இவை 'இறந்த லித்தியம்' எனப்படும். படல உருவாக்கமே இழப்பின் முதன்மைக் காரணம் என முன்னர்ப் பலரும் கருதினர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் நடைபெற்று 2019இல் வெளியான ஆய்வோ, தாம் சோதித்த மின்கலங்களில் இறந்த லித்தியத்தின் பங்கே பெரிது எனக் காட்டியது.

கூலோம் திறன்

படிந்த லித்தியத்தில் எவ்வளவு மீண்டும் கிடைக்கிறது என்னும் விகிதம் கூலோம் திறன் எனப்படும். 99 விழுக்காடு நல்ல மதிப்பெண்ணாகத் தோன்றலாம். ஆனால் மிகை லித்தியம் இல்லாத மின்கலத்தில் இந்த இழப்பு பெருகிக்கொண்டே சென்று, 100 சுற்றுகளுக்குப் பின் ஏறத்தாழ 37 விழுக்காடே எஞ்சும். 99.9 விழுக்காடாக இருந்தால் 90 எஞ்சும். ஆயினும் 1000 சுற்றுகளில் அதுவும் 37 ஆகிவிடும். 1000 சுற்றுகளுக்குப் பின் 80 விழுக்காடு எஞ்ச வேண்டுமெனில் ஏறத்தாழ 99.98 தேவை.

ஆய்வக முடிவுகளைப் படிப்போர் இங்கு எச்சரிக்கையாக இருத்தல் நன்று. தடித்த லித்தியத் தகட்டையும் மிகுதியான மின்பகுளியையும் வைத்துச் சோதித்தால், இழப்பைச் சேமிப்பு ஈடுகட்டிவிடும். சேமிப்பு தீர்ந்தவுடன் கொள்ளளவு திடீரெனச் சரியும்.

மேம்படுத்தும் வழிகள்

மின்பகுளியை மாற்றுவதே அதிகம் பயன்தந்த வழியாகும். உப்பின் செறிவைக் கூட்டுதல், புளோரின் அடங்கிய கரைப்பான்களைச் சேர்த்தல் ஆகியவற்றால் படலம் உறுதி பெறுகிறது. லித்தியம் கந்தக மின்கலங்களில் லித்தியம் நைத்திரேட்டு சேர்க்கப்படுகிறது. கனடாவின் தல்கவுசி பல்கலைக்கழகத்தில் செப் டான் குழுவினர் இருவகை உப்புகளைக் கலந்து, தொடக்கத்தில் லித்தியம் உலோகமே இல்லாத மின்கலம் 90 சுற்றுகளுக்குப் பின் 80 விழுக்காட்டைத் தக்கவைக்கச் செய்தனர் (2019). மின்கலத்தை வெளியிலிருந்து அழுத்தி வைப்பதும் படிவை நெருக்கமாக்கி இறந்த லித்தியத்தைக் குறைக்கிறது.

மற்றொரு வழி, நீர்மத்துக்கு மாற்றாகத் திண்ம மின்பகுளியைப் பயன்படுத்துவதாகும். பாரிசில் 2011 முதல் 2018 வரை ஓடிய ஆட்டோலிப் வாடகை மகிழுந்துகளில் லித்தியம் உலோகமும் பல்லுறுப்பி மின்பகுளியும் இருந்தன. அவற்றைச் சூடாக வைத்திருந்தால்தான் அயனிகள் போதிய விரைவில் நகரும். நீர்ம மின்பகுளிக்கோ வெப்பம் பகை, பக்கவினைகள் விரைவுபடும். கோடையில் 40 பாகை செல்சியசைத் தொடும் திருவண்ணாமலை, வேலூர் போன்ற ஊர்களுக்கு இவ்வேறுபாடு பொருளுடையது.

தமிழர் பங்களிப்பு

தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், சான் குடினஃபுடன் ஆக்சுபோர்டிலும் 1986 முதல் ஆசுட்டினிலுள்ள டெக்சாசு பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை விட்டிங்காம், அக்கிரா யோசினோ ஆகியோருடன் பகிர்ந்த குடினஃபின் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் இவரே. இவரது குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில், கந்தக நேர்மின்முனையில் சிறிது தெலூரியம் சேர்க்கப்பட்டது. அது கரைந்து மறுமுனைக்குச் சென்று, லித்தியத்தின்மீது தெலூரியமும் கந்தகமும் அடங்கிய படலத்தை உண்டாக்கி, படிவைச் சீராக்கியது.

அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் நிதியிலும் காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட நடுவண் மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், லித்தியம் மின்கலங்களுக்கான பல்லுறுப்பி மின்பகுளிகள் ஆராயப்பட்டு வந்துள்ளன.