டவர் இல்லாத ஓடுதளம்: குட்டி விமானங்கள் மோதாமல் இறங்குவது எப்படி?

2025 நவம்பர் 13. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை பக்கத்துல இருக்கிற அம்மாசத்திரம். திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் திடீரென ஒரு பயிற்சி விமானம் வந்து இறங்கியது. சேலத்தில் இருந்து கிளம்பிய செஸ்னா ரக விமானம் அது. தொழில்நுட்பக் கோளாறு காரணமாக அவசரமாகத் தரையிறக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். செல்ஃபி எடுக்கக் கூட்டமும் கூடியது.

அன்று நடந்தது மோதல் இல்லை. ஆனா பலருக்கும் வந்த கேள்வி ஒன்றுதான்: இந்தக் குட்டி விமானங்களை மேலே யார் பார்த்துக்கிறாங்க? ரெண்டு விமானம் எதிரெதிரே வந்தா?

டவர் இல்லைன்னா என்ன அர்த்தம்?

திருச்சி விமான நிலையத்தில் கட்டுப்பாட்டு கோபுரம் இருக்கு. 'நீ முதல்ல இறங்கு, நீ சுத்திட்டு வா' என்று வரிசையை அங்கிருக்கும் அதிகாரி சொல்வார். ஆனால் உலகத்தில் பெரும்பாலான சின்ன ஓடுதளங்களில் அப்படி யாரும் கிடையாது. ஆளில்லா லெவல் கிராசிங்கை நினைச்சுக்கோங்க. கேட் இல்லை, கீப்பர் இல்லை. ரெண்டு பக்கமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, நீங்களேதான் கடக்கணும்.

இப்படிப்பட்ட இடங்களில் பைலட்டுகளைக் காப்பாற்றும் முதல் ஏற்பாடு, எல்லோரும் ஒரே வழியில் சுற்றுவது. இதற்கு 'சர்க்யூட்' என்று பெயர். ஓடுதளத்தை ஒட்டி, தரையில் இருந்து சுமார் 1,000 அடி உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகப் பாதை. காற்றை எதிர்த்து மேலே ஏறி, பொதுவாக இடப்பக்கமே திரும்பி, ஓடுதளத்துக்கு இணையாகக் காற்றோடு பறக்கும் நீளமான பகுதிதான் 'டவுன்விண்ட்'. அடுத்த திருப்பம் 'பேஸ்'. கடைசியாக ஓடுதளத்துக்கு நேராக வருவது 'ஃபைனல்'. கோயில் பிராகாரத்தில் எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றினால் முட்டிக்கொள்ள மாட்டார்கள் இல்லையா, அந்தக் கணக்குதான்.

ரேடியோவில் என்ன பேசுவாங்க?

அந்த ஓடுதளத்துக்கென்று ஒரு பொது அலைவரிசை இருக்கும். அனுமதி கேட்க அங்கே ஆள் இல்லை. அதனால் பைலட் அனுமதி கேட்பதில்லை, அறிவிக்கிறார். ஊர் பெயர், தன் விமானம், எங்கே இருக்கிறேன், எந்த உயரம், அடுத்து என்ன செய்யப்போகிறேன். சுமார் 10 மைல் தூரத்தில் இருந்தே இதை ஆரம்பிக்கச் சொல்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு. தரையிறங்கும் கட்டத்தில் தாழ இருக்கும் விமானத்துக்கு முன்னுரிமை. அதற்காக வேண்டுமென்றே தாழ்ந்து அடுத்தவருக்கு முன்னால் நுழைவதும் விதிமீறல்தான்.

பேசினால் மட்டும் போதுமா? 2022 ஆகஸ்ட் 18-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டவர் இல்லாத வாட்சன்வில் விமான நிலையத்தில் நடந்ததைப் பாருங்க. ஒற்றை இன்ஜின் செஸ்னா 152 ஒன்று முறைப்படி சர்க்யூட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. இரட்டை இன்ஜின் செஸ்னா 340 ஒன்று சர்க்யூட்டுக்குள் வராமல், தூரத்தில் இருந்தே நேராக, அளவுக்கு மீறிய வேகத்தில் வந்தது. இருவருமே ரேடியோவில் பேசினார்கள். வேகமாகப் பின்னால் வருகிறாய் என்று சின்ன விமானத்தின் பைலட் சொன்னார். இருந்தும் மோதல். 3 பேர் பலி. நேராக வந்த பைலட் மற்ற விமானத்தைப் பார்த்து விலகத் தவறியதே காரணம் என்றும், அவர் வந்த விதமும் வேகமும் அதற்குத் துணைபோயின என்றும் விசாரணை முடிவு சொன்னது.

இன்னொரு விபத்து நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. 2025 ஜூலை 8, கனடாவின் மானிட்டோபா மாகாணம், ஸ்டெய்ன்பாக் அருகே ஒரு பயிற்சித் தளம். தரையிறங்கிப் பழகிக்கொண்டிருந்த 2 பயிற்சி விமானங்கள் மோதின. இறந்த இரண்டு மாணவ பைலட்டுகளில் ஒருவர் கேரளாவைச் சேர்ந்தவர். இரண்டு விமானத்திலும் ரேடியோ இருந்ததாகப் பயிற்சிப் பள்ளி சொன்னது.

கண்ணுக்குத் தெரியாதா?

இதுதான் பலருக்கும் நம்ப முடியாத விஷயம். மோதப்போகும் விமானம் கண்ணாடியில் நகராது! ரெண்டும் ஒரே புள்ளியை நோக்கிப் போகும்போது, எதிர் விமானம் ஒரே இடத்தில் ஒட்டிய புள்ளி மாதிரியே நிற்கும். நகர்வதைத்தான் நம் கண் சட்டென்று பிடிக்கும். நிற்கும் புள்ளி தப்பிவிடும். பிறகு கடைசி சில விநாடிகளில் திடீரென்று பெரிதாகும்.

பார்த்து, புரிந்து, விமானத்தைத் திருப்பி, அது விலக சுமார் 12.5 விநாடி ஆகும் என்பது அமெரிக்க அமைப்பின் கணக்கு. தலா 100 நாட் வேகத்தில் நேருக்கு நேர் வந்தால், அந்த நேரத்தில் இடைவெளி சுமார் 1.3 கி.மீ. குறைந்துவிடும்.

இறக்கையும் மறைக்கும். செஸ்னா 172-க்கு இறக்கை மேலே. திரும்பும்போது திரும்பும் பக்கமே தெரியாது. இறக்கை கீழே உள்ள விமானத்துக்கு அடியில் இருப்பது தெரியாது. ஃபைனலில் ஒன்றின் மேல் ஒன்று இறங்கினால் ரெண்டு பேருக்குமே தெரியாது. அதனால்தான் திரும்பும் முன் இறக்கையைச் சற்றுத் தூக்கிப் பார்க்கப் பழக்குகிறார்கள்.

கருவி இல்லையா?

1996 நவம்பர் 12-ல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே 2 பெரிய விமானங்கள் மோதி 349 பேர் இறந்த பிறகு, மோதல் தடுப்புக் கருவி இந்தியாவில் பெரிய விமானங்களுக்குக் கட்டாயமானது. பயிற்சிக்குப் பறக்கும் சின்ன விமானங்களில் பெரும்பாலும் அது இருக்காது. தன் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி உதவும். ஆனால் எதிரில் வருபவரிடமும் அது இருக்கணும்.

நம்ம பக்கத்துல?

புதுக்கோட்டை மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. எல்லையைத் தாண்டினால் சிவகங்கை மாவட்டத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்துச் செட்டிநாடு ஓடுதளம் பயன்பாடில்லாமல் கிடக்கிறது. தெற்கே கோவில்பட்டி ஓடுதளத்தில் பயிற்சிப் பள்ளி கொண்டுவர டிட்கோ முயற்சி எடுத்திருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் பள்ளி வந்தால், ஒரே காலை வேளையில் நாலைந்து மாணவர்கள் ஒரே சர்க்யூட்டில் சுற்றுவார்கள். அங்கே டவர் வைக்கப்போகிறார்களா, இல்லை ஒரு நேரத்தில் இத்தனை விமானம்தான் என்று வரம்பு போடுவார்களா என்பதை அனுமதி கொடுக்கும் முன்பே கேட்கணும்.