நூட்ரோபிக்

மனத்தைக் குறிக்கும் 'நூஸ்', திருப்பத்தைக் குறிக்கும் 'ட்ரோப்பே' ஆகிய கிரேக்கச் சொற்களிலிருந்து, ருமேனிய அறிவியலாளர் கோர்னேலியு ஜியூர்ஜியா 1972இல் ஆக்கிய சொல் இது. மூளையைத் தூண்டாமல், மயக்காமல், நினைவாற்றலுக்குத் துணைநிற்கும் பிராசெட்டம் போன்ற மருந்துகளையே அவர் கருதினார். இன்று கஃபீன் மாத்திரை, வல்லாரைப் பொடி, மொடாஃபினில் எல்லாம் இப்பெயரில் அடங்கிவிட்டன. வல்லாரை நினைவை வளர்க்கும் என்பது உறுதியாக நிறுவப்படவில்லை.

தமிழில் 'ஊக்கமருந்து' என்றால் பொருந்துமா? திருக்குறளின் 60ஆம் அதிகாரமான 'ஊக்கமுடைமை'யில் ஊக்கம் என்பது மன உறுதி. விளையாட்டுச் செய்திகளிலோ ஊக்கமருந்து என்றால் மோசடி. இப்பொருள்கள் உண்மையில் செய்வதோ வேறு: ஒரகடம் ஆலைகளில் இரவு ஷிப்டுக்காரர் குடிக்கும் டீயின் கஃபீன், களைப்பை உணர்த்தும் அடினோசினின் ஏற்பிகளை அடைக்கிறது. களைப்பு மறைகிறதே தவிரத் தீர்வதில்லை. திடீரென நிறுத்தினால் தலைவலி வரும்; இது உடல் பழகிப்போவது. டோபமைனை உயர்த்தும் மெத்தில்பெனிடேட் என்ற மருந்தைத் தவறாகப் பயன்படுத்தினால் அடிமையாகவும் நேரலாம். ஆகவே நூட்ரோபிக்குக்கு 'அறிவூக்கி' என்று பெயரிட்டாலும், அது இல்லாத பலனை வாக்களிக்கிறது; கஃபீனுக்கு 'விழிப்பூட்டி' என்பதே பொருத்தம்.